அண்டார்டிகாவைக் காத்தது குளிர் மட்டுமில்ல: துருவத்துக்குள்ள நுழையுற அயல் செடிகள் பத்தி ஒரு எளிய விளக்கம்

"அண்டார்டிகாவுல பூ பூக்க ஆரம்பிச்சிடுச்சு"ன்னு ஒரு ஃபார்வேர்ட் வருஷா வருஷம் சுத்திக்கிட்டே இருக்கு, கூடவே பனிக்கு நடுவுல கொத்துக் கொத்தா ரோஸ் கலர் பூ இருக்கிற ஒரு படமும் வரும். அதைப் பாத்துட்டு சிலர் பச்சையானா நல்லதுதானேன்றாங்க, சிலர் வெளிநாட்டுச் செடி உள்ள புகுந்துடுச்சுன்றாங்க, இன்னும் சிலர் அந்தக் குளிர்ல எது முளைக்கும், சும்மா கதை விடாதீங்கன்றாங்க. இதுல மூணு தனித்தனி விஷயம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கு. அங்கயே பிறந்த செடி அதிகமாகுறது ஒண்ணு, பாசி படர்றது ஒண்ணு, மனுசன் கொண்டுபோய் விட்ட புல் வேர் பிடிக்கிறது ஒண்ணு. மூணாவதுதான் இந்தக் கட்டுரை, ஆனா அதைப் புரிஞ்சுக்க முதல் ரெண்டும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்.

அங்க ஏற்கெனவே யார் குடியிருக்கா

அண்டார்டிகாவுல பனி மூடாம பாறையும் மண்ணுமா வெளிய தெரியுற நிலம் மொத்தத்துல 1 சதவீதம்கூடக் கிடையாது. செடி, பாசி, மண்ணுக்குள்ள இருக்கிற பூச்சி எல்லாம் அந்தத் துண்டு துண்டு நிலத்துலதான் வாழணும். பெரும்பாலான பெங்குவின் முட்டையிடறதும் அங்கதான், சில சீல் வந்து படுக்கிறதும் அங்கதான், பல நாடுகள் ரிசர்ச் ஸ்டேஷன் கட்டினதும் அங்கதான், டூரிஸ்ட் படகு வந்து இறக்கி விடறதும் அங்கதான். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வர்ற பிரச்சினைல பாதி இந்த இட நெருக்கடிலதான் இருக்கு.

அந்தக் கண்டத்துக்குன்னே உள்ள பூக்கிற செடி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு அண்டார்டிக் ஹேர் கிராஸ்ன்ற ஒரு புல், இன்னொண்ணு அண்டார்டிக் பேர்ல்வோர்ட்ன்ற, பாறை இடுக்குல குட்டி மெத்தை மாதிரி உக்காந்திருக்கிற செடி. பேர்ல்வோர்ட் பூ வெளிர் மஞ்சள்ல அவ்வளவு சின்னதா இருக்கும், குனிஞ்சு தேடினாத்தான் கண்ணுக்குத் தெரியும். ஃபார்வேர்ட் படத்துல வர்ற ரோஸ் பூவுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. இந்த ரெண்டும் தென் அமெரிக்காவைப் பாத்து நீட்டிக்கிட்டு இருக்கிற அண்டார்டிக் தீபகற்பத்துலயும் அதை ஒட்டின தீவுகள்லயும்தான் இருக்கு. மத்த இடத்துல மாஸ்னு சொல்ற பாசி வகையும், பாறையில ஒட்டிக்கிட்டு வாழுற லைக்கனும்தான். அந்தப் பாசி வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம், அது மேல ஒரு பூட்ஸ் தடம் பதிஞ்சா வருஷக்கணக்குல அப்படியே நிக்கும்.

மிருகம்னு பாத்தாலும் இதே நிலைமைதான். பெங்குவினும் சீலும் கடலை நம்பி வாழுறவை, முழுக்க முழுக்க நிலத்துலயே வாழுற மிருகத்துல பெருசு எதுன்னா பெல்ஜிகா அண்டார்டிகான்ற இறக்கை இல்லாத ஒரு பூச்சி, நீளம் அதிகபட்சம் 6 மில்லிமீட்டர். இந்த உயிர்கள், அதோட மண்ணு, தண்ணி, குளிர், இதுக்கெல்லாம் நடுவுல நடக்கிற கொடுக்கல் வாங்கல் எல்லாம் சேர்ந்ததுதான் உயிர்ச்சூழல். துருவத்துல இந்தச் சூழல்ல ஆள் ரொம்பக் கம்மி, எல்லாமே மெதுவா நடக்கும்.

குளிர்தான் காவலா?

எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிற இடம் இதுதான். அண்டார்டிகாவுல செடி இல்லாததுக்குக் காரணம் குளிர் மட்டும்னு நாம முடிவே பண்ணி வெச்சிருக்கோம். குளிர் பெரிய காரணம்தான், சந்தேகமே இல்ல. ஆனா அதுக்குச் சமமா இன்னொரு காவல் இருந்துச்சு, அது தூரம்.

ஒரு காலத்துல அந்தக் கண்டத்துல காடே இருந்துச்சு. 1912ல தென் துருவத்துல இருந்து திரும்பின பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டோட குழு, சாகப்போற நிலைமைலயும் விடாம இழுத்துட்டு வந்த பாறைகள்ல குளோசாப்டெரிஸ்ன்ற அழிஞ்சு போன மரத்தோட இலைத்தடம் இருந்துச்சு. அதே மரத்தோட இலைத்தடம் இந்திய நிலக்கரிப் படிவங்கள்லயும் கிடைக்குது, ஏன்னா அப்போ ரெண்டும் ஒரே நிலப்பரப்பு. அப்புறம் கண்டங்கள் பிரிஞ்சு, அண்டார்டிகாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவுல டிரேக் கடல்வழி திறந்து, சுமார் 3.4 கோடி வருஷத்துக்கு முன்னாடி பெரும்பனி மூட ஆரம்பிச்சுச்சு. இப்போ அந்தக் கண்டத்தைச் சுத்தி பூமிலயே வலுவான கடல் நீரோட்டம் ஓடுது, அதுக்கு மேல ஓயாத மேற்குக் காத்து, பக்கத்துக் கண்டம்னா தென் அமெரிக்க முனைதான், அதுவும் 800 கிலோமீட்டருக்கும் மேல. காத்துல அடிச்சுட்டு வர்ற ஒரு விதையோ, பறவைக் கால்ல ஒட்டின ஒரு விதையோ இதையெல்லாம் தாண்டி, கண்டத்துல 1 சதவீதம்கூட இல்லாத அந்த வெறும் நிலத்துல போய் விழணும்.

தூரத்தோட பலம் என்னன்னு தெரிய வடக்க பாருங்க. நார்வேக்கு மேல இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் வட அட்சரேகை 74ல இருந்து 81 வரைக்கும் இருக்கு. தெற்க, அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டின கிங் ஜார்ஜ் தீவு வெறும் 62ல இருக்கு, அதாவது துருவத்துல இருந்து அது எவ்வளவோ தள்ளி. ஆனா ஸ்வால்பார்ட்ல சொந்தமா 160க்கும் மேல செடி வகை, இங்க ரெண்டு. ஸ்வால்பார்டுக்கு வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் உண்டு, கோடையும் கொஞ்சம் இதமா இருக்கும், அதனால இந்த வித்தியாசம் முழுசையும் தூரத்துக் கணக்குல எழுத முடியாது. இருந்தாலும் ஐரோப்பாவும் சைபீரியாவும் பக்கத்துலயே இருக்கிறது அங்க நல்லாவே வேலை செஞ்சிருக்கு.

இதுவரைக்கும் பாத்ததைச் சுருக்கினா: அண்டார்டிகாவுக்கு ரெண்டு காவல், குளிரும் தூரமும். குளிரைத் தாங்கக்கூடிய செடி உலகத்துல நிறையவே இருக்கு, அதுங்க அங்க இல்லாததுக்குப் பெரிய காரணம் போய்ச் சேர வழி இல்லாமப் போனது. அந்த வழியை மனுசன் போட்டுக் கொடுத்தான்.

வெளியில இருந்து வந்ததெல்லாம் ஆக்கிரமிப்பு ஆகாது

ரெண்டு சொல்லை இங்கயே பிரிச்சுக்குவோம். ஒரு இடத்துக்கு மனுசன் மூலமா, தெரிஞ்சோ தெரியாமலோ, வந்து சேர்ந்த செடி அயல் செடி. அது வந்த இடத்துல தானே இனப்பெருக்கம் பண்ணி, ஆள் உதவி இல்லாமப் பரவி, அங்க இருக்கிற உயிர்களுக்கு இடைஞ்சல் கொடுத்தா மட்டும்தான் ஆக்கிரமிப்புச் செடி. நம்ம மிளகாயும் தக்காளியும் மரவள்ளியும் அயல் செடிதான், அதுங்களை யாரும் ஆக்கிரமிப்புன்னு சொல்றதில்ல.

ஒண்ணு இன்னொண்ணா மாறுறதுக்கு நடுவுல படிகள் இருக்கு. வந்து சேரணும், பிழைக்கணும், விதை போடணும், அப்புறம் பரவணும். வந்து சேர்றதுல பெரும்பாலானவை முதல் குளிர்காலத்துலயே செத்துடும். அதனால "பத்துல ஒண்ணுகூடத் தேறாது, விடுங்க"ன்னு சிலர் சொல்றாங்க, ஆனா வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல விதை வந்து இறங்கிக்கிட்டே இருந்தா என்னைக்காவது ஒண்ணு தேறிடும். எத்தனை தடவை, எத்தனை விதை வருதுன்றதுதான் இங்க முக்கியம், வர்றது எவ்வளவு முரட்டுச் செடின்றது அதுக்கு அடுத்ததுதான்.

வெல்க்ரோவுல ஒட்டிக்கிட்டுப் போற விதை

கரிசல் காட்டுலயோ ஏரிக்கரைலயோ நடந்துட்டு வந்தா வேட்டியிலயும் பேன்ட்லயும் நாயுருவி ஒட்டிக்கிட்டு வரும்ல, வீட்டு வாசல்ல உக்காந்து ஒவ்வொண்ணா பிச்சுப் போடுவோமே, அண்டார்டிகாவுக்குச் செடி போறதும் பெரும்பாலும் அப்படித்தான். ஆளுக்குத் தெரியாது, விதைக்கும் அது ஏற்பாடு பண்ணின பயணம் இல்ல. ஜாக்கெட்டோட வெல்க்ரோ பட்டை, பேன்ட் மடிப்பு, சாக்ஸ், பூட்ஸ் அடியில காஞ்சு போன சேறு, கேமரா பையோட மூலை, ட்ரைபாட் காலு.

2007-08 கோடைல ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு, அண்டார்டிகாவுக்குக் கிளம்பின ஆட்களோட துணியையும் பையையும் வேக்குவம் கிளீனர் வெச்சு உறிஞ்சி எடுத்து விதையை எண்ணினாங்க. அதோட முடிவு 2012ல வந்துச்சு. விதை ஒட்டியிருந்த ஆட்களை மட்டும் எடுத்தா சராசரியா ஆளுக்கு 9.5 விதை, பல பேர்கிட்ட ஒண்ணுமே இல்ல. அந்த ஒரு சீசன்ல டூரிஸ்ட் சுமார் 33,000 பேர், ஸ்டேஷன் ஆட்களும் விஞ்ஞானிகளும் சுமார் 7,000 பேர், எல்லாரையும் கணக்குப் போட்டா ஒரே சீசன்ல ஏறக்குறைய 70,000 விதை. இதுல எனக்கு முக்கியமாப் பட்டது என்னன்னா, தலைக்கு இத்தனைன்னு பாத்தா டூரிஸ்டை விட விஞ்ஞானிகள்தான் அதிக விதை கொண்டு போயிருக்காங்க. காரணம் யோசிச்சாப் புரியும், அவங்க முந்தின வருஷம் வேற ஒரு குளிர் மலைலயோ ஆர்க்டிக்லயோ அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு வேலை பாத்திருப்பாங்க, அங்க ஒட்டின விதை குளிரைத் தாங்குற விதையாத்தான் இருக்கும். ஒரு குளிர் நாட்டுல இருந்து இன்னொரு குளிர் நாட்டுக்கு நேரா பார்சல். இப்போ ஒரு சீசனுக்கு வர்ற டூரிஸ்ட் எண்ணிக்கையே 1 லட்சத்தைத் தாண்டிடுச்சு.

துணி மட்டும் இல்ல, மண்ணும் பெரிய வாகனம். தீபகற்பத்துல இருக்கிற பிரிட்டிஷ் ரொதீரா ஸ்டேஷனுக்குக் கட்டுமான வேலைக்குப் போன சில வண்டிகளோட சக்கரத்துலயும் அடிப்பாகத்துலயும் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி எடை போட்டப்போ 132 கிலோ வந்துச்சு, அதுக்குள்ள விதை, பாசித் துணுக்கு, புழு எல்லாம் இருந்துச்சு. ஸ்டேஷன் சமையலுக்குப் போற காய்கறியும் பழமும் 11,000க்கும் மேல சோதிச்சுப் பாத்த இன்னொரு ஆய்வுல, சுமார் 12 சதவீதத்துல மண் ஒட்டியிருந்துச்சு. ஒரு மூட்டை உருளைக்கிழங்கு எவ்வளவு மண்ணோட வரும்னு நமக்குத் தெரியாதா என்ன.

போவா அன்னுவா: கால்ல மிதிபட்டே வளர்ற புல்லு

அண்டார்டிகாவுல நிஜமாவே காலூன்றின ஒரே பூக்கிற அயல் செடின்னு சொன்னா அது போவா அன்னுவா. ஐரோப்பாவுல பிறந்த சின்னப் புல், இன்னைக்கு உலகம் பூரா கோல்ஃப் மைதானத்துலயும் நடைபாதை இடுக்குலயும் இருக்கு, நீலகிரி, பழனி மலைகள்லயும் உண்டு. அதோட பலம் ரெண்டு. ஒண்ணு, வேகம், முளைச்ச சில வாரத்துலயே பூத்து விதை போட்டுடும். ரெண்டு, மிதிபட்டாலும் ஒட்ட வெட்டினாலும் தாங்கும், தரையோட தரையா படுத்துக்கிட்டே விதை விடும், தன் பூவோட மகரந்தமே போதும், துணை வேண்டியதில்ல. அதாவது ஒத்தை விதை போய்ச் சேர்ந்தாலே ஒரு கூட்டம் உருவாகலாம்.

கிங் ஜார்ஜ் தீவுல போலந்து நாட்டு ஆர்க்டோவ்ஸ்கி ஸ்டேஷன் 1977ல திறந்துச்சு. 1985-86 கோடைல அந்தக் கட்டடங்களை ஒட்டின, ஆள் நடந்து நடந்து கலைஞ்சு போன மண்ணுல இந்தப் புல்லை முதல்ல பாத்தாங்க. பல வருஷம் அது ஸ்டேஷனைச் சுத்தியேதான் இருந்துச்சு, ஆள் கலைச்ச மண்ணைத் தாண்டி வெளிய போகாதுன்னு நம்பினவங்களும் உண்டு. அப்புறம் பாத்தா ஸ்டேஷனை விட்டுத் தள்ளி, பனியாறு பின்வாங்கினதால புதுசா வெளிய வந்த மண்ணுலயே முளைச்சிருந்துச்சு. மரபணுவைப் பாத்தப்போ ஒரே தடவை வந்து பெருகினதில்ல, வெவ்வேற இடத்துல இருந்து பல தடவை வந்திருக்குன்னு தெரிஞ்சுச்சு. இந்த மாதிரி ஒரு செடி வருஷக்கணக்குல சும்மா ஒதுங்கி இருந்துட்டு திடீர்னு பரவ ஆரம்பிக்கிறதுக்குப் பேரு தாமதக் கட்டம். அதனாலதான் "இத்தனை வருஷமா ஒண்ணும் பண்ணலையே"ன்ற வாதத்தை நான் ஏத்துக்கிறதே இல்ல.

சரி, ஒரு புல்லு என்ன பண்ணிடும்?

காடு மாதிரி அடர்ந்து மூடிடும்னு நினைக்காதீங்க, அங்க நடக்கிறது அதை விடச் சின்ன அளவுல நடக்கிற விஷயம். ஹேர் கிராஸும் பேர்ல்வோர்ட்டும் அங்க ரொம்பக் காலமா மத்த செடியோட போட்டி போட்டுப் பழகினதே இல்ல, அதுங்க பழகினது குளிரோட மல்லுக்கட்டத்தான். பக்கத்துல ஒரு வேகமான புல்லு வந்து அதே கையகல ஈர மண்ணுல வேர் விட்டு, பெங்குவின் எச்சத்துல இருந்து வர்ற அதே சத்தை உறிஞ்சினா, மெதுவா வளர்ற செடிக்கு மிச்சம் கம்மி. பக்கத்துப் பக்கத்துல வெச்சு வளர்த்துப் பாத்த சோதனைல, போவா அன்னுவா கூட இருந்தப்போ சொந்தச் செடி ரெண்டோட வளர்ச்சியும் குறைஞ்சுச்சு.

இதை விடப் பெரிய பயம் மண்ணுக்குள்ள இருக்கு. அண்டார்டிக் மண்ணுல சத்து கம்மி, மக்கறதும் மெதுவா நடக்கும், அந்த மெதுவான கணக்குக்குத் தகுந்த மாதிரிதான் அங்க இருக்கிற உயிர்கள் எல்லாம் அமைஞ்சிருக்கு. அந்தக் கணக்கு மாறினா என்ன ஆகும்ன்றதுக்கு, தீபகற்பத்துக்கு வடகிழக்க இருக்கிற சைனி தீவுல ஒரு உதாரணம் இருக்கு. 1960கள்ல அங்க செடி நட்டுப் பாத்த ஒரு சோதனைக்காக சவுத் ஜார்ஜியா தீவுல இருந்து செடிகளை மண்ணோட கொண்டு போனாங்க, அந்த மண்ணுல எரெட்மாப்டெரா மர்ஃபியின்ற பறக்க முடியாத ஒரு சின்னப் பூச்சி இருந்திருக்கு. செடியை அப்புறப்படுத்திட்டாங்க, பூச்சி தங்கிடுச்சு. அதோட புழுக்கள் பாசி மக்கைத் தின்னு தின்னு, அதுங்க இருக்கிற இடத்து மண்ணுல நைட்ரேட் அளவை 3ல இருந்து 5 மடங்கு வரைக்கும் கூட்டியிருக்கு. சத்து கூடினா நல்லதுதானேன்னு தோணும், ஆனா சத்து கம்மியா இருக்கிற வரைக்கும்தான் பாசிக்கு அங்க ராஜ்ஜியம், சத்து கூடக் கூட அடுத்து வர்ற வேகமான புல்லுக்குத்தான் அது வசதி. ஒரு அயல் உயிர் இன்னொண்ணுக்கு நிலத்தை உழுது வெச்ச மாதிரி.

சுருக்கமா: ஆபத்து புல்லோட உயரத்துல இல்ல. கொஞ்சூண்டு இடம், போட்டியே பழகாத சொந்தக்காரங்க, மெதுவா ஓடுற மண்ணு, இதுக்கு நடுவுல வேகமான ஒண்ணு வந்து சேர்றதுலதான் ஆபத்து.

பச்சையாகுதுன்றது உண்மையா?

உண்மைதான். தீபகற்பத்துல செடி படர்ந்த பரப்பு 1986ல 1 சதுர கிலோமீட்டர்கூட இல்ல, 2021ல கிட்டத்தட்ட 12 சதுர கிலோமீட்டர், சாட்டிலைட் படங்களை வெச்சு அளந்தது. ஆனா அதுல பெரும்பகுதி அங்கயே பிறந்த பாசி, அயல் புல் இல்ல. சைனி தீவுல சொந்தச் செடி ரெண்டும் வேகமாப் பெருகுது, 2009ல இருந்து 2018க்குள்ள ஹேர் கிராஸ் பரவின வேகம் அதுக்கு முந்தின அம்பது வருஷத்து வேகத்தை விட சுமார் 5 மடங்கு. வெப்பம் கூடுறதுதான் முக்கியக் காரணம், ஃபர் சீல் கூட்டம் குறைஞ்சு மிதிபடறது நின்னதும் கை கொடுத்திருக்கலாம்ன்றாங்க.

அப்போ இதுக்கும் அயல் செடிக்கும் என்ன தொடர்புன்னா, வெப்பம் கூடும்போது பனி விலகி வெறும் நிலம் அதிகமாகுது, வளர்ற நாட்கள் நீளுது, பாசி படர்ந்து செத்து மக்கி மண்ணே உருவாகுது. இது சொந்தச் செடிக்கு மட்டும் நடக்கிற நல்லது இல்ல, யார் வந்து இறங்கினாலும் அவங்களுக்கும்தான். தூரம்ன்ற காவலைக் கப்பலும் விமானமும் எடுத்துடுச்சு, இப்போ குளிர்ன்ற காவலும் தளர ஆரம்பிச்சிருக்கு, அதுவும் டூரிஸ்ட் அதிகமா வர்ற அதே தீபகற்பத்துல.

வடக்க கொஞ்சம் வேற மாதிரி

ஆர்க்டிக்ல தூரம் பெரிய காவலா இருந்ததே இல்ல, அதனால அங்க பிரச்சினை பெரும்பாலும் ஊர்களைச் சுத்தி. ஸ்வால்பார்ட்ல ரஷ்யர்களோட சுரங்க ஊரான பாரன்ட்ஸ்பர்க்ல மாடு வளர்த்தாங்க, மண்ணும் தீவனமும் வெளியில இருந்து வந்துச்சு, கூடவே கௌ பார்ஸ்லின்ற உயரமான செடியும் வந்து அங்கயே நிலைச்சிடுச்சு. 2008ல ஸ்வால்பார்டுக்கு வந்த 259 பயணிகளோட ஷூவைச் சோதிச்சப்போ ஆயிரத்துக்கும் மேல விதை கிடைச்சுச்சு, ஸ்வால்பார்ட் கோடை மாதிரி வெப்பநிலை வெச்சு முளைக்க விட்டதுல 26 வகை முளைச்சே விட்டுடுச்சு. ஐஸ்லாந்து கதை இன்னும் சிக்கல், அங்க அரிச்சுப் போன மண்ணைக் காப்பாத்தன்னு 1945ல அலாஸ்கால இருந்து லூபின் விதையை வனத்துறைத் தலைவரே கொண்டு வந்தார், அது காத்துல இருக்கிற நைட்ரஜனை மண்ணுல சேர்க்கும். மண்ணு நின்னுச்சு, ஆனா ஊதாப் பூ பாசி நிலத்துலயும் ஏறிடுச்சு. பிடுங்கணுமா வேண்டாமான்னு அந்த நாட்டுல இன்னைக்கும் ரெண்டு கட்சி.

பிடுங்கிப் போட்டா முடிஞ்சுதா?

ஆரம்பத்துலயே பிடிச்சா முடியும். தீபகற்பத்துல சியர்வா முனைன்ற இடத்துல 1954-55ல மரக்கன்று நட்டுப் பாத்த சோதனைல மண்ணோட ஒட்டிக்கிட்டு வந்த போவா பிராடென்சிஸ்ன்ற இன்னொரு புல் அறுபது வருஷம் அங்கயே ஒரு திட்டா நின்னுச்சு, மரம் எல்லாம் எப்பவோ செத்துடுச்சு. 2015 ஜனவரில போய் அதை வேரோடயும் மண்ணோடயும் தோண்டி எடுத்துட்டாங்க. ஒரே திட்டா இருந்ததால முடிஞ்சுச்சு.

ஆர்க்டோவ்ஸ்கில அப்படி இல்ல. அங்க ஒழிக்கிற வேலை 2014-15ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு கோடைலயும் ஆட்கள் முழங்கால் போட்டு ஒவ்வொரு தூரையும் மண்ணோட கிள்ளி எடுக்கிறாங்க, அடுத்த வருஷம் அதே இடத்துல திரும்பவும் முளைக்குது. காரணம் விதை வங்கி, அதாவது மண்ணுக்குள்ள உயிரோட உறங்கிக்கிட்டு இருக்கிற விதைகளோட இருப்பு. மேல இருக்கிற புல்லை எடுத்தாலும் கீழ இருப்பு தீர்ற வரைக்கும் விடாமப் போகணும், ஒரு வருஷம் விட்டாலும் புது விதை விழுந்துடும்.

அதனால வர விடாமப் பண்றதுதான் உருப்படியான வழி. 1991ல கையெழுத்தாகி 1998ல அமலுக்கு வந்த மாட்ரிட் ஒப்பந்தப்படி, அனுமதி இல்லாம எந்த அயல் உயிரையும் அண்டார்டிகாவுக்குக் கொண்டு போகக் கூடாது. அந்த விதிலதான் ஸ்லெட் இழுத்த நாய்களைக்கூட 1994க்குள்ள வெளிய அனுப்பினாங்க. மைத்ரி, பாரதின்னு ரெண்டு ஸ்டேஷன் வெச்சிருக்கிற இந்தியாவும் 2022ல அண்டார்டிக் சட்டம்னு தனியாவே போட்டிருக்கு, அதுலயும் இந்தத் தடை உண்டு. கப்பல்ல தரை இறங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் பையோட ஒவ்வொரு பாக்கெட்டையும் கவிழ்த்து, வேக்குவம் போட்டு, வெல்க்ரோவுல இருக்கிறதை ட்வீசர்ல எடுத்து, பூட்ஸைக் கிருமிநாசினில முக்கிக் கழுவணும். பாக்கறதுக்கு சின்ன வேலை, ஆனா முழங்கால் போட்டுக் கிள்ளுற வேலையை விட ஆயிரம் மடங்கு மலிவு, இதுல சோம்பல் பட்டா அது நியாயமே இல்ல.

இனிமே வரப்போற சிக்கல் இன்னொண்ணு. 2009ல தீபகற்பத்தை ஒட்டின டிசெப்ஷன் தீவுல தென் அமெரிக்காவைச் சேர்ந்த ரெண்டு புதுச் செடி கண்ணுல பட்டுச்சு. அது டூரிஸ்ட் நிறைய வர்ற தீவு, அதனால ஷூவுல வந்திருக்கலாம். ஆனா காத்துலயோ பறவையாலயோ தானா வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்படின்னா அது அயல் செடியே இல்ல, காப்பாத்த வேண்டிய புதுக் குடி. அந்த ரெண்டுல ஒண்ணான நசாவியா மெகல்லானிகாவைச் சீக்கிரமே பிடுங்கிட்டாங்க. என்னைக் கேட்டா அது சரிதான், ஏன்னா தானா வந்ததுன்னா திரும்பவும் வரும், நாம கொண்டு வந்ததுன்னா விட்டு வெச்ச ஒவ்வொரு கோடையும் விதை வங்கில சேரும்.